‘பண்ணு’வைக் கழற்றிவிட்டால் என்ன மிஞ்சும்? தெரிந்த ஆங்கிலச் சொற்களை வாக்கியத்தில் சரியாக வைக்க ஒரு முழு வழிகாட்டி

டிஸ்கஸ், எக்ஸ்பிளெய்ன், வெயிட், ரிப்ளை, அட்டென்ட், என்ஜாய். இவற்றுக்குப் பொருள் தெரியாத தமிழர் அநேகமாக இல்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பாட்டிகூட ‘கொஞ்சம் வெயிட் பண்ணுப்பா’ என்கிறார். ஆனால் இந்த ஆறையும் ஆங்கில வாக்கியத்தில் வைத்து எழுதச் சொன்னால் வருவது இப்படி இருக்கும்: ‘வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி ப்ராப்ளம்’, ‘ப்ளீஸ் எக்ஸ்பிளெய்ன் மீ’, ‘ஐ ஆம் வெயிட்டிங் யூ’, ‘வீ என்ஜாய்டு எ லாட்’. நான்கும் தப்பு.

காரணத்தை நம் பேச்சிலேயே பார்க்கலாம். ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்துப் ‘பண்ணு’ சேர்த்துவிட்டால் மீதியைத் தமிழ் பார்த்துக்கொள்கிறது. ‘பஸ்ஸுக்கு வெயிட் பண்றேன்’, ‘அதைப் பத்தி டிஸ்கஸ் பண்ணலாம்’, ‘எனக்கு எக்ஸ்பிளெய்ன் பண்ணு’ என்று உருபுகளையும் ‘பத்தி’யையும் கொடுப்பது தமிழ். ஆங்கில வாக்கியத்துக்குள் நுழைந்ததும் ‘பண்ணு’ கழன்றுவிடுகிறது. அதோடு ஐ, கு, பற்றி எல்லாம் கழன்றுவிடுகின்றன. காலியான அந்த இடத்தில் எதை வைப்பது, எதையும் வைக்காமல் விடுவதா என்பதில்தான் நம் தப்புகளில் பெரும்பகுதி நடக்கிறது. ஆகவே புதுச் சொல் பட்டியலைத் தேடி ஓடுவதற்கு முன்னால், ஏற்கெனவே வாயில் புழங்கும் சொற்களைச் சரிசெய்வதுதான் லாபம்.

இங்கே ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். எழுத்துக்கூட்டல் எங்கே உதைக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படி 1: ஒரு நாள் பேச்சைக் கவனித்துப் பட்டியல் போடுங்கள்

ஒரு முழு நாள், நீங்களும் உங்களைச் சுற்றியிருப்பவர்களும் தமிழ்ப் பேச்சில் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். நாற்பது சொல் சுலபமாகத் தேறும். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, ‘பண்ணு’ சேரும் சொற்கள். இவற்றில் சில ஆங்கிலத்தில் வினைச்சொல்லே கிடையாது. ‘மேரேஜ் பண்ணிக்கிட்டான்’ என்கிறோம். மேரேஜ் பெயர்ச்சொல், வினை ‘மேரி’. ‘அட்வைஸ் பண்ணாதே’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெயர்ச்சொல்லில் கடைசி ஒலி ‘பஸ்’ஸில் வரும் ‘ஸ்’, எழுத்தில் ‘சி’. வினைச்சொல்லில் அது அதிர்ந்து ஒலிக்கும், எழுத்தில் ‘எஸ்’. இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவது மெயில்களில் மிகப் பரவலான பிழை.

இரண்டு, ‘ஆகு’ சேரும் சொற்கள். ‘ஷாக் ஆயிட்டேன்’, ‘கன்ஃபியூஸ் ஆயிட்டேன்’. இவை ஆங்கிலத்தில் ‘ஐ வாஸ் ஷாக்ட்’, ‘ஐ காட் கன்ஃபியூஸ்டு’ என்று வர வேண்டும். ‘ஐ கன்ஃபியூஸ்டு’ என்று நிறுத்தினால், யாரையோ நான் குழப்பினேன் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டது போலாகும். ‘சக்சஸ் ஆயிடுச்சு’ என்பதற்கு ‘இட் சக்சீடட்’ அல்லது ‘இட் வாஸ் எ சக்சஸ்’. ‘டென்ஷன் ஆயிட்டேன்’ என்பதை ‘ஐ வாஸ் டென்ஸ்’ என்றோ ‘ஐ காட் ஸ்ட்ரெஸ்டு’ என்றோ சொல்லலாம்; ‘ஐ பிகேம் டென்ஷன்’ கிடையாது.

மூன்று, தமிழுக்குள் வந்து பொருள் மாறிப்போன சொற்கள். ‘ரொம்ப ஃபீல் பண்ணினார்’ என்றால் வருத்தப்பட்டார் என்று நமக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் ‘ஹி ஃபெல்ட்’ என்று நிறுத்த முடியாது. ‘ஹி ஃபெல்ட் பேட்’, ‘ஹி ஃபெல்ட் ஹேப்பி’ என்று எப்படி உணர்ந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாப்பிட மட்டும் போகும் இடம் ‘ரெஸ்டாரன்ட்’, ‘ஹோட்டல்’ தங்குமிடம். வகுப்பில் கேட்பது ‘கொஸ்டின்’. ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று வெளிநாட்டு ஆசிரியரிடம் சொன்னால், தான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘கசின் பிரதர்’ வெறும் ‘கசின்’.

படி 2: சரியான அகராதியைச் சரியான இடத்தில் படியுங்கள்

ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைச் சொல்லும். வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன கேட்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அதற்குத் தேவை, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி. இந்த வகைக்கு அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். சொல்லுக்குப் பொருள் சொன்னால் மட்டும் போதாது, அது எந்த அமைப்பில் வரும் என்பதையும் காட்ட வேண்டும் என்று அவரும் கூட்டாளிகளும் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியானது. அதையே ஆக்ஸ்ஃபோர்டு 1948-ல் வெளியிட்டது. இன்று நாம் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷ்னரி என்று அழைப்பது அதன் வாரிசுதான். இதுவும், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவற்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அகராதியில் ஒரு சொல்லின் பதிவைத் திறந்ததும் பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: அது பெயரா, வினையா, வினையென்றால் செயப்படுபொருள் கட்டாயமா, கூட எந்தச் சிறுசொல் வருகிறது, அதாவது டு, ஃபார், ஆன், வித் போன்றவற்றில் எது, அடுத்து இன்னொரு வினை வந்தால் எந்த வடிவில் வரும்.

எக்ஸ்பிளெய்ன் என்ற பதிவைப் பாருங்கள். ‘எக்ஸ்பிளெய்ன் சம்திங் டு சம்படி’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். விளக்கப்படும் விஷயம் வினைக்கு அடுத்து. ஆள் ‘டு’வுக்குப் பின்னால். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ ஏன் தப்பு என்பதற்கான பதில் அந்த ஒரே வரியில் முடிந்துவிட்டது. டிஸ்கஸ் பதிவில் ‘டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி’ என்றிருக்கும். அங்கே ‘அபௌட்’ என்ற சொல்லே இல்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் குறைந்தது இரண்டை முழுதாகப் படியுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிப்போகும் இடம் அதுதான். பயன் அதிகமுள்ள இடமும் அதுதான்.

படி 3: கூட வரும் சிறுசொல்லை வைத்துச் சொற்களைக் குழுவாக்குங்கள்

இதுதான் முழு வேலையின் நடுத்தூண். நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் குழு, சிறுசொல்லே வேண்டாதவை. டிஸ்கஸ், மென்ஷன், அட்டென்ட், என்டர், ரீச், கான்டாக்ட், ஆன்சர், அப்ரோச், ரெசெம்பிள், மேரி. ‘ஐ ரீச்ட் மதுரை அட் டென்’. ‘ஷி என்டர்ட் தி ரூம்’. ‘கான்டாக்ட் தி மேனேஜர்’. ‘மதுரைக்கு’, ‘அறைக்குள்’, ‘மேனேஜரோடு’ என்று தமிழில் உருபு இருப்பதால் நம் கை தானாக ஒரு ‘டு’வையோ ‘இன்டு’வையோ ‘வித்’தையோ சேர்க்கப் பார்க்கும். ஒரு விலக்கு: ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு ‘என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்’ சரி.

இந்தக் குழுவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது சிறுசொல் கேட்கும். ‘வீ டிஸ்கஸ்ட் தி ப்ளான்’, ஆனால் ‘வீ ஹாட் எ டிஸ்கஷன் அபௌட் தி ப்ளான்’. ‘ஷி ஆன்சர்ட் தி கொஸ்டின்’, ஆனால் ‘தி ஆன்சர் டு தி கொஸ்டின்’. ‘ஹி ரிக்வெஸ்டட் லீவ்’, ஆனால் ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’. ‘எம்ஃபசைஸ் தி பாயின்ட்’, ஆனால் ‘புட் எம்ஃபசிஸ் ஆன் தி பாயின்ட்’. பெயரிலிருந்து சிறுசொல்லைத் தூக்கி வினையில் ஒட்டவைப்பதால்தான் ‘டிஸ்கஸ் அபௌட்’டும் ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்ற வினையும் பிறக்கின்றன. நோட்டில் பெயரையும் வினையையும் அடுத்தடுத்த வரியில் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் சீக்கிரம் தீரும்.

இரண்டாம் குழு, குறிப்பிட்ட ஒரு சிறுசொல் இல்லாமல் நகராதவை. வெயிட் ஃபார், லிசன் டு, ரிப்ளை டு, டிபென்ட் ஆன், கான்சன்ட்ரேட் ஆன், பார்ட்டிசிபேட் இன். ‘அப்ளை’க்கு இரண்டு: வேலைக்கு என்றால் ‘ஃபார் எ ஜாப்’, கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ என்றால் ‘டு எ காலேஜ்’. ‘கோப்’ என்பதற்கு ‘வித்’ மட்டும் போதும். நம்மூரில் சகஜமான ‘கோப் அப் வித்’தில் ‘அப்’ அதிகப்படி. ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் வேறு வேறு குழுவில் உட்கார்ந்திருப்பதையும் கவனியுங்கள்: ‘ஆன்சர் தி மெயில்’, ‘ரிப்ளை டு தி மெயில்’. அட்டென்ட், பார்ட்டிசிபேட் இரண்டும் அப்படித்தான். பொருளை மட்டும் நம்பினால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, ஆள் எங்கே வருகிறார் என்பதைப் பொறுத்தவை. டெல், கிவ், ஷோ, டீச், சென்ட், ஆஸ்க், இன்ஃபார்ம் ஆகியவற்றில் ஆள் வினைக்கு அடுத்து நேராக வரலாம்: ‘டெல் மீ’, ‘ஐ இன்ஃபார்ம்டு ஹிம்’. சே, எக்ஸ்பிளெய்ன், சஜஸ்ட், டிஸ்கிரைப், மென்ஷன் ஆகியவற்றில் ஆளுக்கு முன்னால் ‘டு’ வேண்டும்: ‘ஹி செட் டு மீ’, ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’. தமிழில் ‘எனக்குச் சொல்லு’, ‘எனக்கு விளக்கு’, ‘எனக்குக் கொடு’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘கு’ என்பதால் இங்கே குழம்புவது இயல்பு. ‘ஐ டோல்ட் டு ஹிம்’, ‘ஹி செட் மீ’ இரண்டும் அந்தக் குழப்பத்தின் இரண்டு பக்கங்கள்.

கடைசியாக, செயப்படுபொருள் இல்லாமல் நிற்க முடியாத சில. ‘என்ஜாய்’ அதில் தலைவர். ‘ட்ரிப்புல நல்லா என்ஜாய் பண்ணினோம்’ தமிழில் முழு வாக்கியம். ஆங்கிலத்தில் ‘வீ என்ஜாய்டு தி ட்ரிப்’ என்றோ ‘வீ என்ஜாய்டு அவர்செல்வ்ஸ்’ என்றோ முடிக்க வேண்டும். ‘லெட் அஸ் டிஸ்கஸ் டுமாரோ’ என்பதிலும் ‘இட்’ விடுபட்டிருக்கிறது. ‘டு யூ லைக் காஃபி?’ என்றால் ‘எஸ், ஐ லைக்’ போதாது. ‘எஸ், ஐ டு’ அல்லது ‘எஸ், ஐ லைக் இட்’.

படி 4: அடுத்து வரும் வினை எந்த வடிவில்?

‘போகச் சொன்னார்’, ‘போக விரும்பினார்’, ‘போக மறுத்தார்’ என்று தமிழில் ‘போக’ மாறாமல் நிற்கும். ஆங்கிலத்தில் முன்னால் இருக்கும் வினைதான் பின்னால் வருவதன் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வான்ட், டிசைட், ஹோப், அக்ரீ, ரெஃப்யூஸ் ஆகியவை ‘டு’ கேட்கும். என்ஜாய், அவாய்டு, ஃபினிஷ், மைண்ட் ஆகியவை ‘இங்’ கேட்கும்: ‘ஐ ஃபினிஷ்ட் ரீடிங்’, ‘அவாய்டு ஈட்டிங் லேட்’. மேக், லெட் இரண்டும் எதுவும் சேராத வினையைக் கேட்கும்: ‘ஷி மேட் மீ வெயிட்’, ‘லெட் ஹிம் ஸ்பீக்’.

தனியாகப் பார்க்க வேண்டியவை மூன்று. ‘சஜஸ்ட்’: ‘ஹி சஜஸ்டட் மீ டு ஜாயின்’ தப்பு. ‘ஹி சஜஸ்டட் தட் ஐ ஜாயின்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘ஹி அட்வைஸ்டு மீ டு ஜாயின்’ என்று வினையையே மாற்றிவிடுங்கள். ‘லுக் ஃபார்வர்டு டு’: இதிலுள்ள ‘டு’ அந்தச் சொற்கோவைக்கே சொந்தம், அடுத்த வினைக்கு உரியதில்லை. அதனால் ‘இங்’ வரும்: ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’. ‘யூஸ்டு டு’: முன்பு வழக்கம், இப்போது இல்லை என்று பொருள். ‘ஐ யூஸ்டு டு வாக் டெய்லி’ என்று டாக்டரிடம் சொன்னால் நடைப்பயிற்சியை விட்டுவிட்டீர்கள் என்று அவர் எழுதிக்கொள்வார். இப்போதும் நடக்கிறீர்கள் என்றால் ‘ஐ யூஷுவலி வாக்’.

படி 5: எண்ண முடியாத பெயர்களைப் பிரித்துவையுங்கள்

இது சீக்கிரம் முடியும் வேலை, ஏனென்றால் நாம் தப்பு செய்யும் பட்டியல் சிறியது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், ஃபீட்பேக், சாஃப்ட்வேர். இவற்றின் முன்னால் ‘எ’, ‘அன்’ வராது. பின்னால் ‘எஸ்’ வராது. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. ‘ஸ்டாஃப்’ ஒரு குழுவின் பெயர். ஒருவரைக் குறிக்க ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’. ‘ஒன் ஆஃப் மை’ என்று தொடங்கினால் அடுத்தது பன்மை: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. வினை ஒருமை: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ நர்ஸ்’.

படி 6: ஒரே தமிழ் வினைக்குள் இருக்கும் பல ஆங்கில வினைகளைப் பிரியுங்கள்

‘கேள்’ என்ற ஒன்றுக்குள் மூன்று இருக்கின்றன. கேள்வி கேட்பதும் பொருள் கேட்பதும் ‘ஆஸ்க்’. காதில் விழுவது ‘ஹியர்’. கவனித்துக் கேட்பது ‘லிசன் டு’. பக்கத்து வீட்டில் பாட்டு ஓடினால் ‘ஐ ஹியர்டு எ சாங்’. நீங்களே போட்டு உட்கார்ந்து கேட்டால் ‘ஐ லிசன்டு டு எ சாங்’. பொருள் வேண்டும் என்றால் ‘ஆஸ்க்’குடன் ‘ஃபார்’ சேரும்: ‘ஹி ஆஸ்க்டு ஃபார் வாட்டர்’. ‘பார்’ என்பதும் அப்படியே: கண்ணில் படுவது ‘சீ’, பார்வையைத் திருப்புவது ‘லுக் அட்’, நகர்வதைத் தொடர்ந்து பார்ப்பது ‘வாட்ச்’.

‘போடு’ ஒரு தனி உலகம். சட்டை போடுவது ‘புட் ஆன்’, போட்டிருப்பது ‘வேர்’. லைட் போடுவது ‘டர்ன் ஆன்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆன்’. ‘ஓபன் தி லைட்’ கூடாது. டீ போடுவது ‘மேக்’. கோலம் போடுவது ‘ட்ரா’. கையெழுத்துப் போடுவது ‘சைன்’ என்ற ஒற்றை வினை. ஊசி போடுவது ‘கிவ் அன் இன்ஜெக்ஷன்’. இலையில் சாதம் போடுவது ‘சர்வ்’. சண்டை போடுவது ‘ஃபைட்’. ‘போடு’, ‘எடு’, ‘வை’, ‘விடு’, ‘அடி’ என்ற ஐந்துக்கும் இப்படி ஒரு பக்கம் ஒதுக்கி நிரப்பினால் ஒரு வாரத்துக்கான நல்ல பயிற்சி.

‘வா’ பற்றி ஒரு வார்த்தை. விடைபெறும்போது ‘வர்றேன்’ என்பது நம் மரியாதை. அதையே ‘ஓகே, ஐ வில் கம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், திரும்பி வருவீர்கள் என்று எதிரில் இருப்பவர் காத்திருப்பார். ‘சீ யூ’ போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, தமிழில் ஒரே சொல்லில் முடிவது ஆங்கிலத்தில் முடியாது. ‘நீ எத்தனையாவது பிள்ளை?’ என்பதை நேராகக் கொண்டுபோக ஆங்கிலத்தில் சொல் கிடையாது. ‘ஆர் யூ தி எல்டஸ்ட்?’ என்று கேள்வியையே மாற்ற வேண்டும். இதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 7: ‘தான்’, ‘ஏ’, ‘இருக்கு’, காலச் சொற்கள்

‘இங்கேதான் இருக்கேன்’ என்பது ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ ஆகிவிடுகிறது. ‘இன்னைக்கே’ என்பது ‘டுடே இட்செல்ஃப்’. ஆங்கிலத்தில் இந்த அழுத்தத்தைக் குரலில் கொடுப்பார்கள். எழுத்தில் என்றால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவார்கள். ‘ரவிதான் செய்தான்’: ‘இட் வாஸ் ரவி ஹூ டிட் இட்’. ஒன்லி, இட்செல்ஃப் என்று எழுத வரும்போது அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வாக்கியம் அப்படியே நிற்கும்.

‘எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க’ என்பதற்கு ‘ஐ ஹாவ் டூ பிரதர்ஸ்’. ‘ஐ ஆம் ஹேவிங்’ என்பது செயலுக்கு மட்டும்: ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’. நோ, அண்டர்ஸ்டேண்ட், வான்ட், பிலாங் போன்றவையும் நிலையைச் சொல்பவை. பொதுவாக ‘இங்’ ஏற்காது.

காலத்துக்கு இரண்டு சோதனைகள் போதும். கையிலிருப்பது ஒரு புள்ளியா, ஒரு நீளமா என்று கேளுங்கள். தொடங்கிய புள்ளி என்றால் ‘சின்ஸ்’: சின்ஸ் மண்டே, சின்ஸ் 2019. நீளம் என்றால் ‘ஃபார்’: ஃபார் த்ரீ இயர்ஸ். இன்றும் தொடர்கிறது என்றால் வினை ‘ஹாவ் பீன்’ வடிவில் வரும்: ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. அதே சோதனை ‘க்குள்’ளுக்கும்: கெடு ஒரு புள்ளி என்றால் ‘பை மண்டே’, நீளம் என்றால் ‘வித்தின் டூ டேஸ்’. ‘வித்தின் மண்டே’ தப்பு. ‘திங்கட்கிழமை வரை’ என்று அதுவரை தொடர்வது ‘டில்’ அல்லது ‘அன்டில்’.

படி 8: ஜோடிச் சொற்களைச் சோதித்துப் பழகுங்கள்

இலக்கணப்படி தப்பில்லாமல் இருந்தும் ஒட்டாத வாக்கியங்கள் உண்டு. மழை ‘ஹெவி’, டீ ‘ஸ்ட்ராங்’. ‘ஸ்ட்ராங் ரெய்ன்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. ‘மேக் எ மிஸ்டேக்’, ‘டு ஹோம்வொர்க்’, ‘டேக் எ ஃபோட்டோ’, ‘கீப் எ ப்ராமிஸ்’, ‘கிவ் எ ஸ்பீச்’. இவற்றுக்கு விதி தேட வேண்டாம். ஜோடியாகவே மனதில் ஏற்றுங்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கு மதிப்பெண்ணில் கால் பங்கு. அங்கே அரிய சொற்களைத் திணிப்பதைவிட, சாதாரணச் சொற்களைச் சரியான ஜோடியோடு எழுதுவது பாதுகாப்பு.

சந்தேகம் வந்தால் கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர் என்ற இலவசக் கருவியைத் திறங்கள். இரண்டு சொற்கோவைகளையும் இடையில் காற்புள்ளி வைத்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்; உதாரணத்துக்கு ‘மேக் எ மிஸ்டேக்’, ‘டு எ மிஸ்டேக்’. அச்சான நூல்களில் எது எவ்வளவு வருகிறது என்று கோடுகளாகக் காட்டும். ஒரு கோடு மேலே, இன்னொன்று தரையோடு என்றால் விடை தெளிவு. இரண்டும் உயரத்தில் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பயன்பாடு இருக்கக்கூடும், அகராதிக்குத் திரும்புங்கள். சாதாரணக் கூகுள் தேடலின் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். தப்பைத் திருத்தும் பக்கங்களும் அதே தப்பைக் கொண்டிருக்கும் அல்லவா?

படி 9: நோட்டும் நாட்கணக்கும்

ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் மூன்று வரி. முதல் வரியில் சொல் தன் சட்டத்தோடு, அதாவது வாக்கியத்தில் அது கேட்கும் அமைப்போடு: ‘ரிப்ளை டு சம்படி’. இரண்டாம் வரியில் அகராதியிலிருந்து எடுத்த வாக்கியம், மாற்றாமல். மூன்றாம் வரியில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம், நாளைக்கே சொல்லக்கூடியதாக. தமிழ்ப் பொருளை ஓரத்தில் சிறிதாக எழுதுங்கள். நடுவில் எழுதினால் கண் முதலில் அங்கேதான் போகும்.

மறுநாள் சட்டத்தைக் கையால் மூடி, சொல்லை மட்டும் பார்த்து வாக்கியம் சொல்லுங்கள். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள். தடுக்கிய சொல் மறுபடி முதல் நாளுக்குப் போகும். மொத்தம் இருபது நிமிட வேலை. இருபது சொல்லை ஒரே நாளில் எழுதிவிட்டு அடுத்த வாரம் நோட்டைத் தொடாமல் விடுவதுதான் இந்த முறையைக் கொல்லும் பழக்கம். இன்னொன்று, மூன்றாம் வரியில் ‘ஹி இஸ் எ குட் பாய்’ வகை வாக்கியம் எழுதுவது. சொல்லின் சட்டம் அதில் வேலையே செய்யாது.

பிழைதிருத்தும் செயலிகள் எழுத்துப்பிழையையும் ‘எஸ்’ விடுபட்டதையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ‘யூஸ்டு டு வாக்’ போல இலக்கணம் சரி, பொருள் தப்பு என்ற வாக்கியத்தை அவை விட்டுவிடலாம். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. செயலி திருத்தினால் உடனே ஏற்காமல், எந்தச் சட்டம் மாறியது என்று பார்த்து நோட்டில் சேர்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றை முன்கூட்டியே நடத்த மாற்றுவதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது. ‘ஆவன செய்யுங்கள்’ என்ற பொருளில் வரும் ‘டு தி நீட்ஃபுல்’ பழைய அலுவலக ஆங்கிலத்தின் மிச்சம். நம் ஊருக்குள் எழுதும்போது இவற்றை வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது மாற்றுவது நல்லது. ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை எங்கேயும் பிழையாகத்தான் எண்ணப்படும்.

ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்போம்

‘டியர் சார், மைசெல்ஃப் கார்த்திக். எஸ்டர்டே ஐ டிஸ்கஸ்ட் அபௌட் மை லீவ் வித் யூ. ஐ ஆம் ஹேவிங் சம் வொர்க் இன் தி பேங்க் ஆன் ஃப்ரைடே. ஐ ரிக்வெஸ்ட் ஃபார் ஒன் டே லீவ். ஐ வில் ஃபினிஷ் டு செக் தி ரிப்போர்ட் வித்தின் தர்ஸ்டே. கைண்ட்லி ரிவர்ட் பேக்.’

மேலே போகாமல் நீங்களே ஒரு முறை திருத்திவிட்டு இதைப் படியுங்கள். ‘மைசெல்ஃப்’ எழுவாயாக நிற்காது. ‘திஸ் இஸ் கார்த்திக்’. இரண்டாம் வாக்கியத்தில் ‘அபௌட்’டை எடுத்தால் இலக்கணம் சரியாகும், மேலதிகாரியிடம் லீவு கேட்டதைச் சொல்ல ‘ஐ ஸ்போக் டு யூ எஸ்டர்டே அபௌட் மை லீவ்’ இன்னும் இயல்பு. மூன்றாவது: ‘ஐ ஹாவ் சம் வொர்க் அட் தி பேங்க்’. நான்காவதில் ரிக்வெஸ்ட் வினையாக நிற்பதால் ‘ஃபார்’ கூடாது: ‘ஐ ரிக்வெஸ்ட் எ டேஸ் லீவ்’, பேச்சுக்கு நெருக்கமாக வேண்டுமானால் ‘மே ஐ டேக் தி டே ஆஃப்?’. ஐந்தாவதில் இரண்டு பிழைகள்: ‘ஃபினிஷ் செக்கிங்’, ‘பை தர்ஸ்டே’. கடைசி வாக்கியத்தில் ‘பேக்’ எப்படியும் வேண்டாம், ‘ரிவர்ட்’டிலேயே திரும்புதல் இருக்கிறது. பதில் தருவது என்ற பொருளில் ‘ரிவர்ட்’ நம் பக்கத்து வழக்கு. மற்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் படிப்பார்கள். ‘ப்ளீஸ் லெட் மீ நோ’ என்று எழுதிவிடுங்கள். ‘லெட்’டுக்குப் பின்னால் ‘டு’ இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.